முதலில் வந்த எதிரொலி

கோல்பி லேண்டிங்கில் எதிரொலி என்பது ஒரு வேலை. வருடத்தில் ஒரே ஒரு நாள், மே முப்பதாம் தேதி காலையில், ஐந்து நிமிடம் மட்டும் செய்ய வேண்டிய வேலை. அந்த வருடம் அது பதினொரு வயது லெட்டிக்குக் கிடைத்தது.

லெட்டிக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. எதிரொலியை யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால்தான்.

வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னாலே அவள் காது மடல் சிவந்துவிடும். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில், தனியாக ஒரு கல்மேல் உட்கார்ந்து, பியூகிள் என்ற அந்தப் பித்தளை ஊதுகொம்பை ஊதுவதில் என்ன கஷ்டம்? கேட்பவர்கள் எல்லாரும் இக்கரையில் இருப்பார்கள். நடுவில் ஆறு இருக்கும்.

முன்பு அந்த ஊரில் உண்மையான எதிரொலியே இருந்தது. அக்கரையில் பெரிய மரக் கட்டடம் ஒன்று நின்றது. குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் புதைத்து வைக்கும் கிடங்கு. அதன் நீண்ட சுவர் ஊர்ப் படகுத்துறையைப் பார்த்தபடி இருந்தது. துறையில் நின்று என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லும்.

மே முப்பது, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். எண்பது வருடத்துக்கு முன் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, ஊர்ப் பெண்கள் வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கத் தொடங்கினார்கள். அதனால் வயதானவர்கள் அதை இன்னும் அலங்கார நாள் என்றுதான் சொல்வார்கள். காலையில் முதலில் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு வீரரின் கல்லுக்கும் ஒரு சின்னக் கொடி, ஒரு ஜாடிப் பூ. பிறகு படகுத்துறைக்கு வருவார்கள். கோல்பி லேண்டிங் கடலோடிகளின் ஊர். கடலில் போனவர்களுக்குக் கல் கிடையாது. அவர்களுக்கு உரிய பூக்களை ஆற்றில்தான் போட வேண்டும். ஆறு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பூப் போடுவதற்கு முன் ஒருவர் பியூகிளில் டாப்ஸ் ஊதுவார். படை முகாமில், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லும் இசை அது. மூன்று மூன்று சுரமாக எட்டு வரி. ஒரு வரி ஊதி நிறுத்தினால் அக்கரைக் கிடங்கு அதையே திருப்பி ஊதும். பிறகு அடுத்த வரி. மறுபடி கிடங்கு. ஊர் அதற்குப் பழகிப்போனது.

அப்புறம் வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்தது. ஆற்றுப் பனிக்கட்டியை யாரும் கேட்கவில்லை. கிடங்கைப் பிரித்து விறகாக்கிவிட்டார்கள். அந்த மே மாதம், முதல் வரியை ஊதிவிட்டுக் காத்திருந்தபோதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. அக்கரையிலிருந்து எதுவும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் குரைத்தது.

அடுத்த வருடத்திலிருந்து அக்கரைக்கு ஓர் ஆளை அனுப்பத் தொடங்கினார்கள்.

*

லெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் மிஸ்டர் பிளம்மர். மருந்துக்கடை வைத்திருந்தார். ஊர் வாத்தியக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பள்ளியின் நசுங்கிய பியூகிளை அவளிடம் கொடுத்து, ஒரே ஒரு விதி சொன்னார்.

"எதிரொலிக்குன்னு சொந்த வாய் கிடையாது. அவன் ஊதினதை நீ ஊதணும். அவன் ஊதலைன்னா நீயும் ஊதக் கூடாது. புரிஞ்சுதா?"

லெட்டி தலையாட்டினாள். அவளுக்கு ஏற்ற விதிதான்.

அவன் என்று அவர் சொன்னது எல்வினை. எல்வினுக்குப் பதினேழு வயது. லெட்டியின் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அதுவரை ஏழு வருடமாக எதிரொலியாக இருந்தவன் அவன்தான்.

முதல் மூன்று வருடம், இக்கரையில் நின்று ஊதியவன் அவனுடைய அண்ணன் ராய்ஸ். ராய்ஸுக்குப் பொறுமை கிடையாது. எதிரொலி முடிவதற்குள் அடுத்த வரியைத் தொடங்கிவிடுவான். தம்பி அக்கரையிலிருந்து மூச்சு வாங்கத் துரத்திக்கொண்டு வருவான். ஆனால் ஆறாவது வரியில் மட்டும் ராய்ஸ் அவசரப்பட மாட்டான். அந்த வரி படியேறுவதுபோல மேலே போகும். கடைசிச் சுரம்தான் பாட்டிலேயே உயரமான சுரம். அதை அவன் நீட்டிப் பிடித்து நிற்பான். கடற்பறவைகள்கூடச் சத்தத்தை நிறுத்திவிடும் என்று ஊரில் சொல்வார்கள்.

பிறகு ராய்ஸ் கடற்படைக்குப் போனான். அடுத்த நான்கு வருடம் மிஸ்டர் பிளம்மரே ஊதினார். வாத்து கத்துவதுபோல இருந்தது. ஆனாலும் போர்க்காலம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்வின் அந்த வாத்துக்கும் ஒழுங்காகப் பதில் ஊதினான்.

ராய்ஸ் திரும்பி வரவில்லை. அவனுடைய கப்பல் வட அட்லாண்டிக்கில் மூழ்கியது.

போர் முடிந்து, பிழைத்தவர்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் புதிய பெயர்களைப் பட்டியலில் சேர்ப்பது என்று ஊர் முடிவு செய்திருந்தது. அதனால் ராய்ஸின் பெயரை வாசிக்கப்போவது இந்த வருடம்தான் முதல்முறை. மிஸ்டர் பிளம்மருக்கோ புதிதாகப் பல்செட் வந்திருந்தது. பியூகிளை வாயில் வைத்தால் பல்செட் நகர்ந்தது.

எல்வின் தானே மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டான். இருமல் மருந்து வாங்க வந்த லெட்டி அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மிஸ்டர் பிளம்மர் தயங்கினார். நடுவில் நின்றுவிட்டால் உன் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். பள்ளியில் கிராமபோன் இருக்கிறது, இசைத்தட்டு போட்டுவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

எல்வின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த புதினா மிட்டாய்களைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவனுக்குக் கல்லறை இல்லை சார். போய் நிக்க ஒரு இடம் இல்லை. இது ஒண்ணுதான் இருக்கு. நான் ஊதறேன். முழுசா ஊதறேன்."

மிஸ்டர் பிளம்மர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றார்.

*

பள்ளி விட்டதும் தினமும் பயிற்சி. எல்வின் படகுத்துறையில் நிற்பான். லெட்டி பாலத்தைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போவாள். இடிந்த கிடங்கின் அடிக்கல் வரிசை அங்கே இன்னும் இருந்தது. அதில் தட்டையான ஒரு கல்தான் எதிரொலியின் நாற்காலி.

எதிரொலி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று லெட்டி முதல் நாளே கணக்குப் போட்டாள். துறைக்குப் பக்கத்தில் படகு கட்டும் கொட்டகை இருந்தது. அங்கே ஒருவர் மரச்சுத்தியலால் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். 'டொக்' என்ற ஒலி பிறகுதான் வரும். நடுவில் நிதானமாக ஒன்று என்று எண்ண முடிந்தது, அதற்குமேலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஒலி ஆற்றைக் கடக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. லெட்டிக்கு அது பிடித்திருந்தது. ஒலியும் தன்னைப்போலவே தயங்கித் தயங்கி வருவதாக நினைத்துக்கொண்டாள்.

இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே பல மாலைகள் கழிந்தன. அவன் மூன்று சுரம் ஊதுவான். அது தண்ணீர்மேல் நடந்து வரும். அவள் அதைத் திருப்பி அனுப்புவாள்.

ஒன்று மட்டும் லெட்டியை உறுத்தியது. எல்வின் ஐந்தாவது வரியோடு நிறுத்திவிடுவான். தினமும். ஐந்து முடிந்ததும் பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் பாலத்தின் இந்தப் பக்கத்தில் அவனைப் பிடித்துவிட்டாள்.

"மீதி மூணு வரி?"

"உதடு வலிக்குது. அன்னைக்கு ஊதிக்கலாம்."

"தினமுமா வலிக்குது?"

எல்வின் பியூகிளை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் கூடவே நடந்தான். பிறகு, "ஆறாவது அவனோட இடம்," என்றான். "அங்க வரும்போது அவன் ஊதறது கேக்குது. கேட்டா, பதில்தான் ஊத வருது. முதல்ல ஊத வரலை."

லெட்டி அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவனை அவன் பாட்டுக்கு விட்டுவிடு, அன்றைக்குச் சரியாகிவிடும் என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஒரே சட்டையை மூன்று முறை மடித்தார்.

லெட்டி ஆறாவது வரியைக் கோழிக் கொட்டகையில் தனியாகப் பழகினாள். உயரமான சுரம் பத்துத் தடவையில் ஆறு தடவை வந்தது. மூன்று தடவை உடைந்தது. ஒரு தடவை, அவளுடைய ஆறு வயதுத் தம்பி வெர்னி ஓடிவந்து, எந்தக் கோழியை யார் மிதித்தது என்று கேட்டான்.

*

மே முப்பது, மூடுபனியோடு விடிந்தது.

கடலிலிருந்து ஏறி வந்த பனி ஆற்றை நிரப்பி, கரைமேல் வழிந்து, தெருவுக்குள் வந்துவிட்டது. பள்ளிக் கொடிமரத்தில் பாதி உயரத்தில் கொடி தொங்கியது. பகல் பன்னிரண்டு மணிவரை அது பாதியில்தான் நிற்கும். அந்தப் பாதிக்கு மேலே கொடிமரமே தெரியவில்லை.

அந்த வருடம் வசந்தம் பிந்திவிட்டது. வழக்கமாக வைக்கும் லைலாக் பூக்கள் இன்னும் பாசிப்பயறு அளவு மொட்டுகளாகவே இருந்தன. ஊரெல்லாம் ஆப்பிள் கிளைகளையும் காட்டு வயலெட்டுகளையும் ஜாடியில் வைத்துக்கொண்டு போனார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாகக் கோட்டுகளில் சிவப்புக் காகிதப் பூ குத்தியிருந்தார்கள். வெர்னி வேலியோரத்தில் மஞ்சள் காட்டுப்பூக்களை வேரோடு பிடுங்கி, தன் இடது ஷூவின் கயிற்றை உருவி இறுக்கிக் கட்டியிருந்தான். அது பூங்கொத்தா, கீரைக்கட்டா என்று அம்மா கேட்டார்.

"ராய்ஸுக்கு மஞ்சள் பிடிக்கும்," என்றான் வெர்னி. ராய்ஸ் போகும்போது அவனுக்கு இரண்டு வயது. ஆனாலும் உறுதியாகச் சொன்னான். கூடவே ஒரு தும்மல் போட்டான். வெர்னியின் தும்மல் பிரபலமானது. பக்கத்துத் தெருவில் கேட்கும்.

கல்லறைத் தோட்டம் முடிந்து எல்லாரும் துறைக்குத் திரும்பினார்கள். லெட்டி மட்டும் பாலத்துப் பக்கம் பிரிந்தாள். மிஸ்டர் பிளம்மர் அவளிடம் வந்து, பனியில் கைக்குட்டை ஆட்டினால் தெரியாது, மணியை எண்ணிக்கொள் என்றார். இருபத்தேழு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி. இருபத்தேழாவதுக்குப் பிறகு டாப்ஸ்.

இன்னொன்றும் சொன்னார். பதினொரு மணிக்கு வற்றம் முடிகிறது. அதற்குள் பூக்கள் ஆற்றில் விழுந்தாக வேண்டும்.

அது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் கடலை நோக்கி வடியும்போதுதான் பூப் போட வேண்டும். ஒரு வருடம் பாதிரியார் பேச்சை நீட்டிவிட்டார். பேசி முடிப்பதற்குள் கடல் திரும்பி ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியது. போட்ட பூக்கள் எல்லாம் ஊரைத் தாண்டி மேலே போய், மர ஆலையின் மதகில் ஒரு வாரம் கிடந்தன. அதிலிருந்து பாதிரியாரின் மேசையில் ஒரு மணல் கடிகாரம் இருக்கிறது. யார் வாங்கி வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

எல்வின் துறையின் முனையில் நின்றிருந்தான். அண்ணனின் பழைய கோட்டைப் போட்டிருந்தான். தோள் சற்றுப் பெரிதாக இருந்தது. லெட்டியைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு அவனையும் துறையையும் பனி மறைத்துவிட்டது.

*

அக்கரையில் உலகமே இல்லை.

லெட்டி தட்டைக் கல்லில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி ஐந்தடிக்குப் புல் தெரிந்தது. கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அது வலமிருந்து இடமாக, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளை.

பியூகிளின் வாயைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கினாள்.

டங்.

முதல் பெயர். குரல் கேட்கவில்லை, மணி மட்டும் வந்தது. உள்நாட்டுப் போரில் போனவர்கள் முதலில் வருவார்கள். பதினேழு பேர். அவர்களை நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி உண்டு. பிறகு முந்தைய உலகப் போர், நான்கு பேர். பிறகு புதியவர்கள் ஆறு பேர்.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று. மணிகள் பனியில் நனைந்து, கனமாகி, மெல்ல வந்து சேர்ந்தன. பட்டியலின் கடைசிப் பெயர் ராய்ஸ்.

இருபத்தேழு.

மணியின் நடுக்கம் அடங்கியது. பிறகு எல்வினின் முதல் மூன்று சுரங்கள் வந்தன.

சுத்தமாக வந்தன. லெட்டி ஒன்று எண்ணி, மிச்சமும் விட்டு, திருப்பி ஊதினாள். இரண்டாவது வந்தது. அதையும் அனுப்பினாள். மூன்று. நான்கு. யாரோ பனிக்குள் ஒவ்வொரு கல்லாகப் போட்டு, அதன்மேல் நடந்து வருவதுபோல இருந்தது.

ஐந்து வந்தது. ஐந்தை அனுப்பினாள்.

ஆறு வரவில்லை.

லெட்டி எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

காற்று மாறி ஒலி இந்தப் பக்கம் வராமல் போய்விட்டதோ என்று முதலில் நினைத்தாள். எல்வின் ஊதிவிட்டு அவளுக்காகக் காத்திருக்கிறானோ.

நான்கு. ஐந்து.

அப்போது துறைப் பக்கமிருந்து ஒரு தும்மல் கேட்டது. சந்தேகமே இல்லை, வெர்னிதான். வெர்னியின் மூக்கு கேட்கிறது என்றால் பியூகிளும் கேட்க வேண்டும். எல்வின் ஊதவில்லை.

ஆறு.

எல்வின் பியூகிளை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்க்காமலே தெரிந்தது. பெரிய கோட்டுக்குள் அவன் நிற்கிறான். அவனுடைய அம்மா பக்கத்தில் நிற்கிறார். ஊரே தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் பிளம்மர் தோளைத் தொடுவார். பரவாயில்லை, போதும் என்பார். பூக்களைப் போட்டுவிடுவார்கள். ராய்ஸின் பாட்டு பாதியில் நின்றபடியே இருக்கும்.

ஏழு. எட்டு.

அவன் ஊதவில்லை என்றால் நீயும் ஊதக் கூடாது.

லெட்டியின் காது மடல்கள் சூடாயின. அவள் முதலில் ஊதினால் அது எதிரொலி ஆகாது. லெட்டி ஊதுவதாகவே இருக்கும். ஊர் முழுக்க அதைக் கேட்கும். உயரமான சுரம் உடைந்தால் அதையும் கேட்கும்.

ஒன்பது. பத்து.

முதலில் ஊத வரவில்லை என்றுதானே எல்வின் சொன்னான். பதில் ஊத வருகிறது என்றும் சொன்னான். அவன் ஏழு வருடம் இந்தக் கல்லில் உட்கார்ந்து பதில் ஊதியவன். ஆற்றுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து மூன்று சுரம் வந்தால் அவன் உதடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவனைக் கேட்காமலே தெரியும்.

பதினொன்று.

லெட்டி எழுந்து நின்றாள். பியூகிளைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்தாள்.

பன்னிரண்டு.

ஆறாவது வரியை ஊதினாள். முதல் சுரம். இரண்டாவது. மூன்றாவது, அந்த உயரமானது, தொடக்கத்தில் கொஞ்சம் ஆடியது. அவள் விடவில்லை. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்துக் கொடுத்தாள். அது நின்றது. நின்று, நீண்டு, பனிக்குள் போனது.

பிறகு அமைதி. தண்ணீர் மட்டும் புல்லை உரசியது.

போக ஒன்று, கொஞ்சம் மிச்சம். வர ஒன்று, கொஞ்சம் மிச்சம்.

வந்தது.

மூன்று சுரம். மூன்றாவது சுரம் அவளுடையதைப்போலவே தொடக்கத்தில் கொஞ்சம் ஆடிவிட்டு, பிறகு நேராக நின்றது. எல்வின் நல்ல எதிரொலி. கேட்டதை அப்படியே சொல்பவன். அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். மேலே எங்கேயோ கத்திக்கொண்டிருந்த கடற்பறவை ஒன்று சத்தத்தை நிறுத்தியது.

லெட்டி ஏழாவதை ஊதினாள். எல்வின் அதைத் திருப்பி அனுப்பினான். எட்டாவது, கடைசி வரி, கீழே இறங்கி வீட்டு வாசலில் நிற்பதுபோல முடிவது. அதையும் ஊதினாள். அதுவும் திரும்பி வந்தது, அவள் அனுப்பியதைவிட மெதுவாக.

பாட்டு முழுதாக முடிந்தது.

அவள் மறுபடி கல்லில் உட்கார்ந்தாள். நேரம் எவ்வளவு போனது என்று தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஓர் ஆப்பிள் பூ மிதந்து வந்தது. பிறகு ஒரு கிளை. பிறகு பத்து, இருபது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் வயலெட்டும் சத்தமில்லாமல் அவளைக் கடந்து, இடது பக்கம், கடலை நோக்கிப் போயின. தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டுதான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக ஷூ கயிறு கட்டிய மஞ்சள் கீரைக்கட்டு ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கணம் கரையில் ஒதுங்கப் பார்த்தது. லெட்டி பியூகிளால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

*

பாலத்தின் வழியாகத் திரும்பும்போது அவள் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தாள். ஆனால் பாலம் முடிந்துவிட்டது.

துறையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. பாதிரியார் மிஸ்டர் பிளம்மரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு இசை தெரியாது என்றும், ஆனால் எதிரொலி முதலில் வந்ததுபோலத் தனக்குத் தோன்றியது என்றும் சொன்னார்.

மிஸ்டர் பிளம்மர் லெட்டியைப் பார்த்தார். அவள் தன் ஷூவைப் பார்த்தாள்.

"மூடுபனியில அப்படித்தான்," என்றார் மிஸ்டர் பிளம்மர். "ஒலி எங்க இருந்து கிளம்புதுன்னே சொல்ல முடியாது." பல்செட்டைச் சரிசெய்துகொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்றைக்கும் பேசவில்லை.

எல்வினின் அம்மா நேராக லெட்டியிடம் வந்தார். அவளுடைய கோட்டின் மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது. அதைப் போட்டுவிட்டார். ஏற்கெனவே போட்டிருந்த அடுத்த பொத்தானையும் கழற்றி மறுபடி போட்டார். பிறகு போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பனி விலகத் தொடங்கியது. கொடியை உச்சிக்கு ஏற்றுவதற்காக எல்லாரும் பள்ளிப் பக்கம் போனார்கள். அங்கே நீண்ட மேசைகளில் விடிய விடியச் சட்டியில் அவிந்த பயறும், வெல்லப்பாகு போட்ட கறுப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள்.

எல்வின் துறையின் முனையில் கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். லெட்டி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வெர்னி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டினான்.

அக்கரைக் கல்வரிசை இப்போது தெளிவாகத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை.

"எவ்வளவு நேரம் காத்திருந்த?" என்று கேட்டான் எல்வின்.

"பன்னிரண்டு எண்ணினேன்."

எல்வின் யோசித்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"ராய்ஸா இருந்தா மூணைத் தாண்டியிருக்க மாட்டான்."

லெட்டிக்குச் சிரிப்பு வந்தது. எல்வினுக்கும் வந்தது. அடுத்த வருடம் எட்டு வரியும் தானே ஊதிவிடுவதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, அவளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"ஆனா நீ எண்ணிக்கிட்டே இரு."

"சரி."

பள்ளிப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. கொடி உச்சிக்குப் போயிருந்தது. பயறு வாசனையும் வந்தது. வெர்னி குதித்து எழுந்தான். இரண்டடி நடந்ததும் அவனுடைய இடது ஷூ கழன்று பின்னால் நின்றுவிட்டது.

அவன் திரும்பி ஷூவைப் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான்.

"என் கயிறு எங்க போயிருக்கும்?"

"கடலுக்கு," என்றாள் லெட்டி.

வெர்னி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பரவாயில்லை. ராய்ஸ்கிட்டயே இருக்கட்டும்," என்றான். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலுறையோடு பயறு சாப்பிட ஓடினான்.